எங்கூட்டுல யாருக்கும் ஒண்ணுமில்லீங்க

1

வின்னிபெக்கில் குளிர்கால ஜாக்கெட்டின் ஜிப் ஏறாவிட்டால் ஆள் பிழைப்பது கஷ்டம். ஜனவரியில் விட்ட மூச்சு மீசையிலேயே உறைந்து உட்கார்ந்துகொள்ளும் ஊர் இது. மார்கழிப் பனிக்கே மப்ளர் சுற்றிக்கொண்டு, சளி பிடித்துவிட்டது என்று தெருவுக்கே அறிவித்த கோயமுத்தூர்க்காரன், கனடாவில் இத்தனை வருஷம் உயிரோடு இருப்பதற்கு முழுக் காரணம் ஜிப்தான்.

நான் வேலை பார்ப்பது விவசாய பம்புகள் செய்யும் ஒரு கம்பெனியில். கோயமுத்தூரிலிருந்து கிளம்பியவன் பம்பைத் தவிர வேறெதைக் கண்டான்? போன நவம்பரில் நான் சேர்ந்து பத்து வருஷம் நிறைந்ததற்காக கேன்டீனில் கேக் வெட்டி, கம்பெனிப் பெயர் பொறித்த ஒரு கனமான ஜாக்கெட்டைப் பரிசாகக் கொடுத்தார்கள். மேனேஜரே பின்னால் நின்று கைகளை நுழைத்துவிட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். ஜிப்பை இழுத்தேன். தொப்புளுக்குக் கொஞ்சம் கீழே அது நின்றுவிட்டது.

"சாரி" என்றார் மேனேஜர்.

"நான்தான் சாரி" என்றேன்.

"இல்லை இல்லை, எங்கள் சாரி."

மரியாதையில் கொங்கு நாட்டுக்காரனுக்கு ஈடுகொடுக்கக்கூடிய ஜனம் உலகத்தில் இவர்கள்தான். ஆளுக்கு நாலு சாரி சொல்லிக்கொண்ட பிறகு விஷயம் வெளியே வந்தது. வேலைக்குச் சேர்ந்தபோது நான் சொன்ன உடம்பளவை அலுவலகம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறது. நான்தான் பத்திரமாக வைத்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஜாக்கெட்டை மாட்டிக் காட்டினேன். என் மனைவி கோமதி, "வயித்தை எக்குங்க" என்றாள். எக்கினேன். "எக்கிட்டீங்களா?" என்று கேட்டாள். சோபாவில் படுத்திருந்த மகள் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் ஆங்கிலத்தில், "அப்பா, டாக்டரைப் பாருங்கள். இப்போது அதற்கு ஊசி இருக்கிறது" என்றாள்.

மகளுக்கு நாங்கள் வைத்த பெயர் பூங்கொடி. பள்ளியில் யார் வாயிலும் நுழையாமல் தேய்ந்து தேய்ந்து இப்போது கோடி ஆகிவிட்டாள். எனக்குச் சந்தோஷம்தான். எங்கள் வீட்டில் இருக்கும் ஒரே கோடி அவள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். ஆங்கிலத்தில் கேட்டால் பதிலே சொல்லமாட்டாள். அவளே கிளினிக்கின் இணையப் பக்கத்தில் எனக்கு நேரம் வாங்கி, வருகையின் காரணம் என்ற இடத்தில் "ஜாக்கெட்" என்று எழுதிவிட்டாள்.

2

ஊரில் டாக்டரைப் பார்க்கப் போனால் ஒரே உட்காரலில் நம் முட்டிவலி, அம்மாவின் சர்க்கரை, பக்கத்து வீட்டுக்காரர் இருமல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வரலாம். இங்கே குடும்ப டாக்டர் கிடைக்கவே வருஷக்கணக்கில் வரிசையில் நிற்கவேண்டும். கிடைத்த பிறகு சுவரில் ஒரு அட்டை தொங்கும்: ஒரு வருகைக்கு ஒரு பிரச்சினை மட்டும். வரவேற்பில் இருந்த பெண்ணிடம், "தொப்பை ஒன்று, அதற்கு மருந்து எடுக்கப் பயம் ஒன்று. இது ஒன்றா, இரண்டா?" என்று கேட்டேன். அவள் சிரிக்காமல் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, "ஒன்றுதான், சாரி" என்றாள்.

எங்கள் டாக்டர் பெயர் ஹெதர். சின்னப் பெண். என்னைக் குண்டு என்று சொல்லவே மாட்டேன் என்று யாருக்கோ சத்தியம் செய்தவள் மாதிரிப் பேசினாள். நான் உடல் பருமனோடு வாழ்ந்துகொண்டிருக்கிறேனாம். யாரோ மாடியில் வாடகைக்குக் குடியிருக்கிற மாதிரி.

"எடையைக் குறைக்க இதற்கு முன் என்ன செய்தீர்கள்?"

"தினமும் நடந்தேன்."

"எவ்வளவு நாள்?"

"பனி விழும்வரை."

"எப்போது ஆரம்பித்தீர்கள்?"

"பனி விழுவதற்கு முந்தின வாரம்."

அதையும் மரியாதையாக எழுதிக்கொண்டாள். பிறகு நிதானமாக விளக்கினாள். வாரத்துக்கு ஒரு ஊசி, வயிற்றுத் தோலில் நாமே போட்டுக்கொள்ளலாம். குறைந்த அளவில் ஆரம்பித்து மெல்ல ஏற்றவேண்டும். பசி குறையும், வயிறு காலியாக நேரமாகும். முதலில் குமட்டலாம், மலச்சிக்கல் வரலாம். கொழுப்போடு சதையும் கரையும் என்பதால் பருப்பு, முட்டை, கறி என்று சத்தாகச் சாப்பிட்டு உடற்பயிற்சியும் செய்யவேண்டும். பாதியில் விட்டால் போன எடை திரும்பி வரும், அதனால் ரொம்ப நாளைக்கான ஏற்பாடு என்று நினைத்துத்தான் தொடங்கவேண்டும். எல்லாம் நன்றாகப் புரிந்தது. என் மண்டையில் ஒன்றே ஒன்றுதான் நின்றது.

"பசியே இருக்காதா?"

"குறையும்."

"ஊருக்குப் போனால் விருந்து வைப்பார்களே?"

"கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். போதும் என்று சொல்லுங்கள்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. எங்கள் பக்கம் போதும் என்று சொன்னால் வெட்கப்படுகிறான், இன்னொன்று வை என்று அர்த்தம். கையால் இலையை மறைத்தால் கைமேல் ஊற்றுவார்கள். நான்கு வீட்டுக்குப் போய் மூன்று வீட்டில் சாப்பிட்டால் நான்காவது வீட்டோடு பகை. இதை நான் ஆங்கிலத்தில் விளக்க, அவள் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். வேறு ஏதோ சண்டைக்கார நாட்டைப் பற்றிச் சொல்கிறேன் என்று நினைத்திருக்கவேண்டும்.

அப்புறம் கேள்விகள். கணையத்தில் வீக்கம் வந்திருக்கிறதா? இல்லை. பித்தப்பையில் கல்? இல்லை. மன அழுத்தம்? ஜிப்புக்குப் பிறகு கொஞ்சம்.

"குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய்? கழுத்தில் அறுவை சிகிச்சை?"

"எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றுமில்லை" என்றேன். யோசிக்கவே இல்லை. கேள்வி முடிவதற்குள் பதில் போய்விட்டது.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. முன்பின் தெரியாத ஒருவர் எதிரில் உட்கார்ந்து, முகத்தைச் சிரித்தாற்போல வைத்துக்கொண்டு, உங்கள் குடும்பத்தில் யாருக்காவது ஏதாவது உண்டா என்று கேட்டால் அவர் வரன் கொண்டுவந்திருக்கிறார் என்று பொருள். அந்த நேரத்தில் வீடே ஒரே குரலில் பேசும். சர்க்கரை வியாதி சித்தப்பாவுக்கு இனிப்பென்றால் பிடிக்காது. காது கேட்காத பெரியப்பா அமைதியான மனுஷர். வலிப்பு வரும் பையன் கோயிலுக்குப் போயிருக்கிறான். இந்தப் பயிற்சியில் வளர்ந்தவன் கனடாவில் போய் உட்கார்ந்தால் மட்டும் மாறிவிடுவானா? எனக்கு எதிரில் இருந்தது டாக்டர் என்பதே மறந்துபோய், பெண் வீட்டார் எழுந்து போய்விடக்கூடாது என்கிற அக்கறையில் பதில் சொல்லிவிட்டேன்.

"நல்லது. ரத்தப் பரிசோதனை முடிந்ததும் ஆரம்பிக்கலாம்" என்றாள் ஹெதர். கூட வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோமதி சுவரில் மாட்டியிருந்த காது படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

3

காரில் ஏறிக் கொஞ்ச தூரம் வந்திருப்போம்.

"ஏனுங்க."

"ம்."

"சரசு அத்தைக்குக் கழுத்துல என்னங்க?"

சிவப்பு விளக்கைத் தாண்டிப் போய்விட்டேன்.

சரசு அத்தை என் அப்பாவின் தங்கை. தொண்டாமுத்தூர்ப் பக்கம் தென்னந்தோப்பு. அவர் கழுத்தில், கீழ்ப்பகுதியில், நூல் பிடித்தாற்போல ஒரு நீளமான வடு உண்டு. அதை யாரும் பார்த்ததில்லை என்பது போலத்தான் நாங்கள் எல்லாரும் நடந்துகொள்வோம். அதன்மேல் அகலமாக ஒரு அட்டிகை கிடக்கும். மாடு கறக்கும்போதும் அட்டிகை போட்டிருக்கும் பெண்மணியை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் தேடினேன். தைராய்டு புற்றுநோயில் அரிதாக ஒரு வகை உண்டாம். அது ரத்த வழியில் இறங்குமாம். குடும்பத்தில் அது இருந்தால் இந்த ஊசி கூடாதாம். அதோடு, குடும்பத்தில் மற்றவர்களும் பரிசோதித்துக்கொள்ளவேண்டுமாம். ரொட்டியைக் கீழே வைத்தேன். ஊசி போகட்டும். அத்தைக்கு வந்தது அதுவானால் நான், அக்கா, கோடி எல்லாரும் அந்த வரிசையில்தான் நிற்கிறோம்.

கழுத்தைத் தடவினேன். நடுவில் ஒரு கட்டி! எச்சில் விழுங்கினால் மேலே ஏறி இறங்கியது. வேர்த்துவிட்டது. சாயங்காலம் கோமதியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். "இது குரல்வளைங்க. ஆம்பளைங்க எல்லாத்துக்கும் இருக்கும்" என்றாள். இத்தனை வயசில் எனக்கு ஒரு குரல்வளை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சரவணம்பட்டியில் இருக்கும் என் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அது டான்சில்டா தம்பி" என்றாள்.

"டான்சில் வாய்க்குள்ளதானக்கா இருக்குது? வெளிய எதுக்குக் கத்தி வெக்கறாங்க?"

"அந்தக் காலத்துல அப்பிடித்தாண்டா பண்ணுவாங்க."

அத்தை மகள் வசந்தியைக் கேட்டேன். அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து கயிறு அறுத்துவிட்டது என்றாள். அத்தையின் கணவர், என் மாமா, "சுளுக்குங்க மாப்ளே" என்றார். சுளுக்குக்கு ஆபரேஷனா என்று நான் கேட்பதற்குள், "மோட்டார் ஓடுது, பாத்துட்டு வாரேன்" என்று வைத்துவிட்டார். ஒரே வடு, மூன்று கதை. ஆளாளுக்குத் தன் கதையை அத்தனை வருஷம் சொல்லிச் சொல்லி நம்பவும் ஆரம்பித்திருந்தார்கள்.

அக்கா மறுபடியும் கூப்பிட்டாள். "ஏண்டா இதையெல்லாம் இப்பப் போயி நோண்டறே? நாளைக்கு நம்ம பூங்கொடிக்கு வரன் பாக்கோணும், நெனப்பு இருக்குதா?"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. சோபாவிலிருந்து கோடி, "வரன் என்றால் என்ன?" என்று கேட்டாள். சாப்பிடும் பொருள் என்று சொல்லிவைத்தேன்.

கிளினிக்குக்குப் போன் செய்து, தப்பாகச் சொல்லிவிட்டேன், திருத்தவேண்டும் என்றேன். வரவேற்புப் பெண், "இது பழைய பிரச்சினையா, புதிதா?" என்று கேட்டாள். "பிரச்சினை பழையது, அத்தை புதிது" என்றேன். ஹெதரே கூப்பிட்டுப் பேசினாள். கோபமே படவில்லை, அதுதான் இன்னும் கூச்சமாக இருந்தது. "எந்த வகை என்பதுதான் முக்கியம். உங்கள் அத்தையிடமே கேளுங்கள். அது தெரியும்வரை ஊசி வேண்டாம்" என்றாள்.

அத்தையிடமே கேட்பதாம். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்.

4

அக்காவின் புது வீட்டுப் புண்ணியார்ச்சனைக்கு எப்படியும் ஊருக்குப் போகவேண்டியிருந்தது. நான் மட்டும் போனேன். கோடிக்குப் பரீட்சை. பரீட்சை இல்லாவிட்டாலும் அவளுக்கு அங்கே வந்து கன்னத்தைக் கிள்ளக் கொடுப்பதில் விருப்பமில்லை.

விசேஷம் முடிந்த மறுநாள் தொண்டாமுத்தூர் போனேன். மாமா வாசலிலேயே பிடித்துக்கொண்டு, ராத்திரி யானை வந்து சொட்டுநீர்க் குழாயையெல்லாம் மிதித்துப்போட்டுப் போனதைக் காட்ட அழைத்துப் போனார். "மாமா, அந்த ஆபரேஷன்..." என்று ஆரம்பித்தேன். "யானைக்கு ஒரு ஆபரேசன் பண்ணுனாத் தேவலைங்க மாப்ளே" என்று சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டார்.

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏஞ்சாமி, இப்பிடி எளச்சுப் போயிட்டே?" என்றார். அந்த ஜாக்கெட்டைக் கொண்டுவந்திருக்கவேண்டும் என்று தோன்றியது.

ஒப்புட்டு வைத்தார், எங்கள் பக்கத்துப் போளி. நெய் ஊற்றினார். போதும் என்றேன். இன்னொன்று வைத்தார். அவர் அடுப்புப் பக்கம் திரும்பி நின்ற நேரத்தில், முகத்தைப் பார்க்கவேண்டியதில்லை என்ற தைரியத்தில் கேட்டுவிட்டேன்.

"ஏனுங்கத்தை, உங்க கழுத்துல என்ன ஆபரேசனுங்க?"

கரண்டிச் சத்தம் நின்றது.

"எதுக்குக் கேக்கறே? யாருக்காச்சும் வரன் வந்துருக்குதா?"

"இல்லீங்கத்தை. தொப்பை கரையறதுக்கு ஒரு ஊசி போடோணும். அதுக்கு உங்க கழுத்து வெவரம் வேணுமாம்."

அத்தை திரும்பிப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தவர் புரையேறி, தண்ணீர் குடித்து, மறுபடியும் சிரித்தார். "உன்ற தொப்பைக்கும் என்ற கழுத்துக்கும் எந்த ஊருல கண்ணு சம்பந்தம் பேசுனாங்க?"

விளக்கினேன். ரத்த வழி, அரிய வகை, கோடி என்று சொல்லிக்கொண்டே வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியாது கண்ணு."

"எதுங்கத்தை?"

"என்ன வியாதின்னு எனக்குத் தெரியாது. என்னைய வெளிய பெஞ்சுல உக்கார வெச்சுப்போட்டு டாக்டரு உங்க மாமாகிட்டத்தான் பேசுனாரு. கெட்ட கட்டி, எடுத்தாச் செரியாப் போயிரும்னாரு மாமா. அப்ப வசந்திக்கு வரன் பாத்துட்டிருந்தோம். யாருகிட்டயும் மூச்சு உட்றாதேன்னாங்க. உங்கப்பனுக்கே சொல்லலை."

"அப்புறமாவது நீங்க கேக்கலீங்களா?"

"கேட்டாச் சொல்லிப்போடுவாங்களோன்னுதான் கேக்கலை."

என் வாயில் ஒப்புட்டு இருந்தது. தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

"வியாதியக் கூட உடு" என்றார் அத்தை. "ஆபரேசன் முடிஞ்சு கொஞ்ச நாள் கழிச்சு மறுபடியும் கூட்டிட்டுப் போனாங்க. ஒரு மாத்திரையக் குடுத்துத் தனி ரூம்புல போட்டு அடைச்சாங்க. சோத்தை வாசப்படியில வெச்சுப்போட்டு ஓடுவாங்க. செரி, ஆஸ்பத்திரிக்காரங்க அப்பிடி. ஊட்டுக்கு வந்தா இந்த மனுசன் என்ன பண்ணுனாரு தெரியுமா? வசந்திய அவ பெரியம்மா ஊட்டுக்கு அனுப்பிப்போட்டு, பாயைச் சுருட்டிட்டு மோட்டார் ரூம்புக்குப் போயிட்டாரு. தட்டுலகூடத் தொடலை. பொண்டாட்டி கழுத்துல வடு உழுந்ததும் அருவருப்பு வந்துருச்சு."

எனக்கு அப்போதுதான் ஒன்று விளங்கியது. மாமா ஒரு டம்ளர் காப்பி கேட்டால்கூட "மோட்டார் ரூம்புல போயிக் கேளுங்க" என்பது அத்தையின் வழக்கம். செருப்பைக் காணோம் என்றால் மோட்டார் ரூம்புல பாருங்க. தலைவலி என்றால் மோட்டார் ரூம்புல படுங்க. எங்கள் சொந்தத்தில் எல்லாரும் அதை ஒரு தமாஷாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தோம். நானே வின்னிபெக்கில் கோமதியிடம் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அத்தை என் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். "டவுன்ல ஒரு டாக்டரைப் பாக்கலாமா கண்ணு? உனக்கும் ஆச்சு. நானும் தெரிஞ்சுக்கறேன்."

5

அவினாசி ரோட்டுக்குப் பின்பக்கம் ஒரு தைராய்டு டாக்டரிடம் அக்கா நேரம் வாங்கிக் கொடுத்தாள், யாரிடமும் சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு. காரை மாமா ஓட்டிவந்தார். வழி முழுக்க யானையைப் பற்றிப் பேசினார். எங்கள் பெயரைக் கூப்பிட்டதும் அவரும் எழுந்து வேட்டியைச் சரிசெய்தார்.

"நீங்க வெளிய இருங்க" என்றார் அத்தை. "போனவாட்டி நான் வெளிய இருந்தேன்."

மாமா உட்கார்ந்துவிட்டார்.

டாக்டரம்மா என் வயசுக்காரர். யாருக்குப் பார்க்கவேண்டும் என்று கேட்டார். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டினோம். நான் கதையைச் சொன்னேன், ஜிப்பிலிருந்து. அவர் என்னை விட்டுவிட்டு அத்தையின் பக்கம் நாற்காலியைத் திருப்பினார்.

"ஏனுங்கம்மா, உங்களுக்குத் தெரிஞ்சுக்கோணும்னு இருக்குதுங்களா? இவருக்கு வேணும்னு நீங்க கஷ்டப்பட வேண்டியதில்லீங்க."

"சொல்லுங்க. அதுக்குத்தான் வந்தேன்."

அட்டிகையைக் கழற்றச் சொல்லி வடுவைப் பார்த்தார். தினமும் போடும் மாத்திரை என்ன என்று கேட்டார். பிறகு அந்தத் தனி அறையைப் பற்றி நிறையக் கேட்டார். மாத்திரையா, ஊசியா? மாத்திரைதான். எவ்வளவு தள்ளி நின்று பேசினார்கள்? கதவுக்கு அந்தப் பக்கமிருந்து. போட்டிருந்த துணியை என்ன செய்தார்கள்? அங்கேயே வாங்கிவைத்துக்கொண்டார்கள். டாக்டரம்மா தலையை ஆட்டிக்கொண்டார்.

"அம்மா, அது கேன்சருக்குக் குடுக்கற மருந்துங்க. தைராய்டுல வர்றதுலயே ரொம்ப சாதாரண வகைக்குக் குடுக்கறது. மிச்சம் மீதி இருந்தாச் சுட்டுப்போடும். இவரு பயந்துட்டு வந்துருக்கறாரே, அந்த அரிய வகைக்கு இது வேலை செய்யாது, குடுக்கமாட்டாங்க. அதனால உங்களுக்கு வந்தது அது இல்லீங்க."

"அப்பாடா" என்றேன்.

சத்தமாகவே சொல்லிவிட்டேன். உலகத்திலேயே சொந்த அத்தைக்குக் கேன்சர் என்று கேட்டதும் அப்பாடா என்று சொன்ன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். கழுத்திலிருந்து காதுவரை சுட்டது. மேஜைக்கு அடியில் போய்விடலாம் என்றால் அதற்கும் தொப்பை விடாது.

அத்தை என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு டாக்டரிடம் திரும்பினார். "அப்ப எனக்கு வந்தது கேன்சருங்களா?"

"ஆமாங்கம்மா."

"நான் பொழச்சுட்டனா?"

"எப்பவோ பொழச்சுட்டீங்க. இத்தனை வருசம் நல்லா இருக்கறீங்களே. இருந்தாலும் ஒரு ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் பாத்துக்கலாங்க. இவருக்கும் அந்த அரிய வகைக்கு ஒண்ணு எடுத்துருவோம், சந்தேகமே வேண்டாம்."

அத்தை அட்டிகையைக் கையில் வைத்து ஒவ்வொரு கல்லாகத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார், "அந்த மாத்திரை தின்னவங்ககிட்ட யாரும் வரக்கூடாதுங்களா?"

"அதுல கதிர்வீச்சு இருக்குங்கம்மா. ஊட்டுக்குப் போனாலும் கொஞ்ச நாளைக்கு யாரும் பக்கத்துல படுக்கக்கூடாது. வயசுப் பொண்ணு, கொழந்தைங்க எல்லாம் தள்ளி இருக்கோணும். தட்டு, துணி தனி. அனுப்பும்போதே கண்டிச்சுச் சொல்லி உடுவாங்களே?"

"யாருகிட்டச் சொல்லுவாங்க?"

"உங்ககிட்டத்தான் சொல்லோணும். அப்பெல்லாம் ஊட்டுக்காரருகிட்டச் சொல்லியிருப்பாங்க."

நான் வாயைத் திறக்காமல் இருந்தேன். திறந்தால் என்ன வரும் என்று எனக்கே நம்பிக்கை இல்லை.

டாக்டரம்மா கடைசியாக என்னிடம் வந்தார். "உங்க டாக்டருகிட்ட இதை அப்பிடியே சொல்லுங்க. ஊசி போடலாமான்னு அவங்க முடிவு பண்ணட்டும். ஆனா ஒண்ணு, ஊசி போட்டுட்டு ஒப்புட்டும் திங்கலாம்னு நெனைக்காதீங்க." எப்படிக் கண்டுபிடித்தார் என்று பார்த்தேன். சட்டையில் நெய்க்கறை.

6

பரிசோதனை முடிவுகள் நல்லபடியாகவே வந்தன, அத்தைக்கும் எனக்கும். வின்னிபெக் திரும்பி ஹெதரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் தடவை ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். எங்கள் ஊரில் அந்தக் கேள்வியைக் கல்யாணத் தரகர்கள்தான் கேட்பார்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, "இனிமேல் இங்கே யாருக்கும் கல்யாணம் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்" என்றாள். பிறகு, "உங்கள் மகளுக்கு இது தெரியுமா? அவள் டாக்டரும் ஒருநாள் கேட்பார்" என்றாள்.

அன்றைக்கே கோடியிடம் சொன்னேன். சொல்லாமல் தள்ளிப்போடலாமா என்று ஒரு முறை யோசித்தது உண்மை. போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். அதுவே பெரிய சம்பவம்.

"ஏன் அவரிடம் யாரும் சொல்லவில்லை?"

"வசந்தி அத்தைக்கு அப்போது கல்யாணம் ஆகவேண்டியிருந்தது."

"புற்றுநோய் யாருக்கு வந்தது? அவருக்கா, கல்யாணத்துக்கா?"

பிறகு அவளாகவே, வரன் என்றால் சாப்பிடும் பொருள் இல்லை என்பதைக் கண்டுபிடித்துவிட்டதாகவும் சொன்னாள்.

ஊசி ஆரம்பித்தாயிற்று. முதல் தடவை போட்டுக்கொள்ளக் கோமதியை ஒரு கையாலும் நாற்காலியை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஊசி போடக் கை மிச்சமில்லை என்று அவள்தான் சுட்டிக்காட்டினாள். கொஞ்சம் குமட்டுகிறது. அரிசிம்பருப்புச் சாதத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தால், சமைத்தவள் முகம் சுருங்குகிறது. ஜிப் தொப்புளைத் தாண்டியிருக்கிறது. அதற்கு மேல் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை.

ஊசியைவிட எனக்கு மனதில் நிற்பது அன்றைக்குக் கோயமுத்தூரில் அந்த ஆஸ்பத்திரி வாசலில் நடந்தது. கார் நிறுத்தும் இடத்தில் மாமா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். எங்களைப் பார்த்ததும் ஏதாவது சொல்லவேண்டுமே என்று, "வெயிலு சாஸ்தியா இருக்குது" என்றார்.

"கேன்சராமா" என்றார் அத்தை.

மாமா சாவியைப் பார்த்தார்.

"கிட்ட வரக்கூடாதுன்னு டாக்டரு சொல்லித்தான் மோட்டார் ரூம்புக்குப் போனீங்களாமா?"

"ம்."

"அதைச் சொல்லிப்போட்டுப் போறதுக்கு என்னங்க?"

"எதுக்குன்னு நீ கேப்பே. கேட்டாக் கேன்சருன்னு சொல்லோணும். சொன்னா பயத்துலயே நீ போயிருவேன்னு நெனச்சேன்."

"அருவருப்புப் பட்டுட்டுப் போயி நிம்மதியாத் தூங்கறீங்கன்னு நெனச்சேன் நானு."

"தூங்குனேன்னா நெனச்சே?" என்றார் மாமா.

அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. டயரில் காற்று இருக்கிறதா என்று குனிந்து பார்க்க ஆரம்பித்தேன். குனிவது எனக்குச் சுலபமான வேலை இல்லை, ஆனாலும் குனிந்தேன்.

"அப்ப இத்தனை வருசமா உங்களைத் திட்டுனதுல பாதிய வாபஸ் வாங்கிக்கறேனுங்க" என்றார் அத்தை.

மாமா கொஞ்சம் யோசித்தார். "மீதிப் பாதி?"

"அது நீங்க சொல்லாததுக்கு" என்று சொல்லிவிட்டு, முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார் அத்தை. "அது அப்பிடியே இருக்கட்டும்."